ராஜபாளையத்துக் கார்டு

மேசைமேல் பழைய துண்டை நாலாக மடித்து அதன்மேல் அந்த கிராஃபிக்ஸ் கார்டை வைத்திருக்கிறேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். மேலே இரண்டு கறுப்பு விசிறிகள், அவற்றுக்குக் கீழே அலுமினியத் தகடுகளை நெருக்கி அடுக்கிய ஹீட் சிங்க், தகடுகளைத் துளைத்து ஓடும் செம்புக் குழாய்கள். பின்புறம் ஒட்டியிருக்கும் வாரண்டி ஸ்டிக்கரில் எழுத்து அழிந்து வெண்மை மட்டும் மிஞ்சியிருக்கிறது. என்விடியா நிறுவனம் 2016 ஜூலையில் வெளியிட்ட ஜி.டி.எக்ஸ். 1060 வகை, 6 ஜி.பி. நினைவகம் கொண்டது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தது 2017 தைப் பொங்கல் முடிந்த மறுவாரம். அதன்பின் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், சத்திரப்பட்டி போய், இப்போது திரும்பி வந்திருக்கிறது. இதைத் திறந்து துடைப்பதற்கு முன் இதன் கதையை எழுதிவிட நினைக்கிறேன்.

மணலிலிருந்து பாவு வரை

குவார்ட்ஸ் மணலைச் சுட்டுச் சிலிக்கான் ஆக்கி, நூறு கோடி அணுவுக்கு ஓரிரண்டு அந்நிய அணு மட்டுமே மிஞ்சும் அளவுக்குத் தூய்மை செய்வார்கள். 1414 டிகிரி செல்சியஸில் உருகும் அந்தக் குழம்பில் ஒரு சிறு விதைப் படிகத்தைத் தொட வைத்து, சுழற்றிக்கொண்டே மெல்ல மேலே இழுத்தால் உருளை வடிவப் பெரும்படிகம் வளர்ந்து வரும். யான் சோக்ரால்ஸ்கி என்ற போலந்து வேதியியலாளர் 1916இல் கண்ட வழி இது. அந்தப் படிகத்தை 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகடுகளாக அறுத்து, அவற்றின்மேல் ஒளியால் சுற்றுகளை வரைகிறார்கள். இந்தக் கார்டின் சில்லு தைவானில் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தில் 16 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. கட்டைவிரல் நகத்தளவுதான், 200 சதுர மில்லிமீட்டர். அதற்குள் 440 கோடி டிரான்சிஸ்டர்கள்.

இந்தச் சில்லுக் குடும்பத்துக்குப் பாஸ்கல் என்று பெயர். வரிக்கணக்கில் உழன்ற தந்தையின் சுமையைக் குறைக்க 1642இல், 19 வயதில், கூட்டல் எந்திரம் ஒன்றைச் செய்ய இறங்கிய பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலின் பெயர் அது.

பஞ்சும் தறியும் சூழ்ந்த ஊர்க்காரனான என்னை நெகிழவைத்தது வேறொரு பெயர். சாதாரண முழு எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் இருக்கின்றன. நொடிக்கு 60 முறை படம் மாறினால் 12 கோடியே 44 லட்சம் புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். ஒருவரே உட்கார்ந்து வரிசையாகச் செய்து முடிக்கிற வேலையில்லை. அதனால் இந்தச் சில்லில் 1280 கணக்குக் கருக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய கணக்கோட்டத்தை என்விடியா பொறியாளர்கள் ‘த்ரெட்’ என்கிறார்கள். நூலிழை. 32 இழைகளை ஒரு கட்டாக்கி, ஒரே கட்டளையை எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கட்டுக்கு ‘வார்ப்’ என்று பெயர். நம் தறிக்காரர்கள் பாவு என்று சொல்லும் அதே சொல்தான். இழைகளை இணையாக ஓடவிடும் தொழில்களில் மூத்தது நெசவு என்பதால் நெசவிலிருந்தே அந்தப் பெயரை எடுத்ததாக நிறுவனத்தின் நிரலாக்கக் கையேடே குறிப்பிடுகிறது.

பெயரில் மட்டுமில்லை, வேலை செய்யும் முறையிலும் தறியின் சாயல் உண்டு. ஒரு கட்டில் சில இழைகள் வேறு பாதையில் போக நேர்ந்தால் மற்ற இழைகள் காத்து நிற்கும். பாவில் ஓரிழை அறுந்தால் அதை முடிந்துவிடும்வரை தறி நிற்பதைப் போல. ஒரு கட்டு, நினைவகத்திலிருந்து எண் வந்து சேரக் காத்திருக்கும் நேரத்தில் சில்லு சும்மா இருக்காது. தயாராக இருக்கும் அடுத்த கட்டை ஓட்டும். ஒரே ஆளாக நான்கு விசைத்தறிகளைப் பார்த்துக்கொள்ளும் சத்திரப்பட்டித் தறிக்காரர் ஒன்றில் இழை முடியும்போது மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்குமே, அது மாதிரி.

சின்னத் தறிப்பேட்டை

என் தம்பி அப்போது கல்லூரி இரண்டாம் ஆண்டு. பள்ளி நாள்களில் ராஜபாளையத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ஐ.ஜி.ஐ., வைஸ் சிட்டி, கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடி வளர்ந்த தலைமுறை. அடுத்தடுத்த கணினிகளில் உட்கார்ந்து ஒருவரையொருவர் துரத்திவிட்டு, நேரம் முடிந்ததும் கூட்டமாக டீக்கடைக்குப் போவார்கள். தனக்கென்று ஒரு அசெம்பிள் செய்த கணினி வேண்டும், அதில் ஜி.டி.ஏ. ஐந்து திணறாமல் ஓட வேண்டும் என்பது அவனுக்கு மூன்றாண்டுக் கனவு. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தோடு அம்மாவின் சீட்டுப் பணமும் சேர்ந்தது. கார்டு ஒன்றின் விலையே அப்பாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது.

சென்னைக்கு நானும் உடன் போனேன். அண்ணா சாலையிலிருந்து பிரியும் ரிச்சி தெரு, ஒரு காலத்தில் ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பெயர் போனது. இன்று அந்தத் தெருவையும் சுற்றியுள்ள சந்துகளையும் மதர்போர்டும் ராமும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் நிறைத்திருக்கின்றன. தெருவை ஒட்டி இருப்பது சிந்தாதிரிப்பேட்டை. 1734இல், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி தன் துணி வியாபாரத்துக்காக நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப்பேட்டை என்பதே அந்தப் பெயராகத் திரிந்தது என்பார்கள். தறிப்பேட்டையின் விளிம்பில் நின்று, பாவும் இழையும் பெயரிலேயே பொதிந்த ஒரு பொருளைத் தறியூருக்கு வாங்கிப் போகிறோம் என்பது அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

தம்பி பத்துக் கடை ஏறி இறங்கினான். கடைசிக் கடைக்காரர் கார்டை வெளியே எடுத்து, “தம்பி, ஒரு சிக்ஸ் பின் போதும், 120 வாட்தான் இழுக்கும். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் மட்டமானதா வாங்கிராதீங்க” என்றார். லாபத்தை விட்டுவிட்டுச் சொன்ன பேச்சு என்று எனக்குப் பட்டது. இரவு எழும்பூரில் பொதிகை ரயில் ஏறினோம். பெட்டியைத் தம்பி தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தான். தூங்கினானா என்று தெரியாது. சிவகாசி தாண்டி விடிந்தபோது சன்னலோரம் உட்கார்ந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் கடந்து மேற்கே மலை நெருங்கி வர, மடியில் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மில்காரர் வீட்டில்

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் மூன்று ஷிப்ட் கணக்கில்தான் எழுந்து படுக்கிறது. என் அப்பா ஒரு மில்லில் ஃபிட்டராக 31 ஆண்டு வேலை பார்த்தவர். கணினியைத் தொட்டதே இல்லை. தம்பி பாகங்களைக் கூடத்தில் பரப்பியபோது எதுவும் பேசாமல் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் அவர் கேட்டது, “கால்ல செருப்பு இல்லாமத்தான உக்காந்திருக்க? அந்த இரும்புக் கேபினெட்டத் தொட்டுட்டு அப்புறம் அதத் தொடு.” நிலைமின் பற்றி அவருக்குப் பாடம் தேவைப்படவில்லை. காற்றில் ஈரம் குறைந்தால் இழையில் மின்னேறி, நூல் ஒன்றையொன்று தள்ளி, உருளையில் சுற்றிக்கொண்டு அறுந்துபோகும். அதற்காகத்தான் மில்லில் காற்றுக்கு ஈரமேற்றத் தனி எந்திரம் ஓடுகிறது. நம் விரல் உணராத அந்த மின்னூட்டமே ஒரு சில்லைக் கொன்றுவிடப் போதும்.

இரண்டாவதாகக் கேட்டது, “காத்து எது வழியா வந்து எது வழியா போகுது?” விளையாட்டுக் கணினி கட்டுகிறவர்கள் வீடியோ வீடியோவாகப் பார்த்து விவாதிக்கும் கேள்வி. மில்லில் ஸ்பின்னிங் ஃபிரேம்களுக்கு மேலே தண்டவாளத்தில் ஓடியபடி, பஞ்சை ஊதித் தள்ளித் தரையோரம் உறிஞ்சும் கருவியைப் பராமரித்த மனிதருக்கு அதுதான் முதல் கணக்கு. முன்பக்கம் இரண்டு விசிறி உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள வைத்தார்கள். உள்ளே வரும் காற்று கூடுதலாக இருந்தால் இண்டு இடுக்கு வழியாகத் தூசி நுழையாது என்பதைத் தம்பி எடுத்துச் சொல்ல, அப்பா தலையாட்டினார்.

ஆனால் எங்கள் ஊர்க் காற்றில் தூசியோடு பஞ்சும் பறக்கும். கேபினெட்டோடு வந்த வலை மண்தூசிக்குத்தான் போதும். பஞ்சிழை அதில் சிக்கி, முறுகி, படலமாக மூடிவிடும். மூடினால் காற்று போகாது, காற்று போகாவிட்டால் சில்லு கொதிக்கும். இந்த வகைக்கு என்விடியா வைத்த உச்ச வெப்பநிலை 94 டிகிரி. ஆனால் 83ஐ நெருங்கும்போதே கார்டு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊரில் அந்த எல்லை தொலைவில் இல்லை. அப்பா சத்திரப்பட்டியிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கான கட்டுத் துணி கொஞ்சம் வாங்கி வந்தார். ராஜபாளையத்துக்குக் கிழக்கே சத்திரப்பட்டி, சமுசிகாபுரம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நெய்வது அந்தக் காஸ் துணியைத்தான். அதை இரண்டு மடிப்பாகச் சட்டத்தில் இழுத்துக் கட்டி முன்பக்கம் மாட்டினார். ஞாயிறுதோறும் கழற்றி உதறி, அலசி, காயவைத்து மறுபடி கட்டுவார். கடையில் கிடைக்கும் எந்த விலையுயர்ந்த வடிகட்டியும் எங்கள் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமாக இருந்திருக்காது.

மாதம் ஒருமுறை தம்பி ப்ளோயரால் ஊதுவான். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அப்பாதான் சொன்னார். காற்று தள்ளும் வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும். மின்சாரம் போய் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கண் இமைப்பில் கணினி அணைந்துவிடுவதால் தனியாக ஒரு யு.பி.எஸ். வந்தது. பிறகு மெக்கானிக்கல் கீபோர்டு வந்தது. நள்ளிரவில் அதன் சடசடப்பைக் கேட்டு அம்மா, “எங்க அம்மா வீட்டுத் தறி மாதிரி இருக்கு” என்றார்.

தம்பியின் நண்பர்கள் ஐந்தாறு பேர் எங்கள் கூடத்தில்தான் கிடந்தார்கள். ஜி.டி.ஏ., பிறகு பப்ஜி. ஒருவன் ஆட, மற்றவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று வழிசொல்ல, இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பா அவர்களைத் தாண்டி நடந்து, போகிற போக்கில் கேபினெட் மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். ஓடும் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தே பழுதறிந்த கை.

ஸ்ரீவில்லிபுத்தூரில்

2021இல் தம்பிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அலுவலகமே லேப்டாப் கொடுத்தது. கார்டை விற்றுவிடலாம் என்று முடிவானபோது உலகமே கார்டுக்கு அலைந்துகொண்டிருந்தது. ஊரடங்கில் எல்லோரும் கணினி வாங்கினார்கள், சில்லுத் தயாரிப்பு தேவைக்கு ஈடுகொடுக்கவில்லை. போதாததற்கு எத்தேரியம் என்ற மின்னாணயத்தை எடுக்க, கார்டுகளை வரிசை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டினார்கள். நான்கு வயது தாண்டிய பழைய கார்டும் ஏறத்தாழ வாங்கிய விலைக்கே போனது. மைனிங்குக்கு வேண்டும் என்று கூடுதல் விலை சொன்னவர்களும் இருந்தார்கள்.

அப்பாதான் தடுத்தார். எங்கள் ஊரில் நாய்க்குட்டி கொடுக்கிறவர்கள், வாங்க வருகிறவரின் வீட்டில் முற்றம் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள். “நிறுத்தாம ஓட்டுறவங்களுக்குக் குடுக்காத. ராத்திரி அணைச்சு வைக்கிறவங்களுக்குக் குடு” என்று அப்பாவும் அதே கணக்கில் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் கேட்டிருந்தார். நானே எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் அரை மணிக்குள் பயணம். ஊர் எல்லையிலேயே 192 அடி உயர ஆண்டாள் கோயில் கோபுரம் எழுந்து நிற்கும். பால்கோவாக் கடைகள் வரிசையில் ஒரு மாடியேறினால் அவருடைய ஸ்டூடியோ. கார்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விசிறிக் கூட்டைக் கழற்றி, தகடுகளின் அடியிலிருந்து நகக்கண் அளவு வெள்ளைத் துணுக்கு ஒன்றை இடுக்கியால் எடுத்தார்.

“ராஜபாளையத்துக் கார்டா அண்ணே?”

“எப்படித் தெரியும்?”

“மத்த ஊர்க் கார்டுல அழுக்கு கறுப்பா வரும்ண்ணே. உங்க ஊர்லதான் வெள்ளையா வருது.”

எவ்வளவு துடைத்தும் ஊர் கொஞ்சம் உள்ளே தங்கியிருந்தது. அவர் பேரம் பேசவில்லை. வைத்திருந்த விதம் தெரிகிறது என்று மட்டும் சொன்னார்.

அங்கே கார்டு வேறு வேலை கற்றது. இதுவரை புள்ளிகளைக் கணக்கிட்டு விளையாட்டுலகம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. இனி கேமரா எடுத்த உலகத்தை நறுக்கி, நிறம் சேர்த்து, சுருக்கித் தர வேண்டும். முகூர்த்தத்துக்கு மறுநாளே பெண் வீட்டார் வீடியோ கேட்பார்கள். ஆடிப்பூரத் தேர் நாளில் வடம் பிடிப்பதை மாலைக்குள் வெளியூர் உறவுகளுக்கு அனுப்ப வேண்டும். முன்பு இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்க்க வேண்டிய ரெண்டர், சாப்பிட்டு வருவதற்குள் முடிகிறது என்று அவர் போனில் சொன்னபோது அவர் குரலில் இருந்த நிம்மதி எனக்கு நினைவிருக்கிறது.

தறிக்கூடத்துச் சுவருக்கு அப்பால்

2022 செப்டம்பர் 15 அன்று எத்தேரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. மைனிங்குக்குக் கார்டு தேவையில்லாமல் போனது. உலகெங்கும் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன, விலை இறங்கியது. மறுவருடம் ஸ்டூடியோக்காரர் பெரிய கார்டு வாங்கி, இதைத் தன் அக்கா மகனுக்கு மிகக் குறைந்த விலையில் கொடுத்தார். சத்திரப்பட்டிப் பையன். பொறியியல் மாணவன். அவன் அம்மா விசைத்தறியில் காஸ் துணி நெய்கிறவர்.

ஓர் ஐயம் கேட்க அவன் ஒருமுறை என்னிடம் பேச நேர்ந்தது. இவ்வளவு பழைய கார்டில் செயற்கை நுண்ணறிவு படிக்க முடியுமா என்று கேட்டான். 2012இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இலியா சட்ஸ்கேவர், ஜெஃப்ரி ஹிண்டன் மூவரும் படங்களை அடையாளம் காணும் அலெக்ஸ்நெட் என்ற நரம்பு வலையமைப்பை உருவாக்கினார்கள். இன்றைய அலைக்குத் தொடக்கம் அதுதான். அதைப் பயிற்றுவித்தது ஜி.டி.எக்ஸ். 580 என்ற இரண்டு விளையாட்டுக் கார்டுகள். ஒவ்வொன்றிலும் 3 ஜி.பி. இரண்டையும் கூட்டினால் 6 ஜி.பி. அவன் கையிலிருந்த ஒற்றைக் கார்டில் அதே 6 ஜி.பி. இருந்தது, கணக்கு வேகம் அந்த இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம். அதைச் சொன்னதும் மறுமுனையில் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப போதும் சார்” என்றான்.

அவன் எடுத்துக்கொண்ட வேலை அவன் வீட்டு வேலை. ஓடும் தறியில் நெய்து வரும் துணியைக் கைபேசிக் கேமராவால் படமெடுத்து, பாவில் எங்கே இழை அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரல். ஒரு நாள் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் தறிச் சத்தம், சுவருக்கு இந்தப் பக்கம் அவன் மேசை. ஆயிரக்கணக்கான துணிப் படங்களை 32, 32 இழைகளாகக் கட்டிக்கொண்டு கார்டு படித்துக்கொண்டிருந்தது. அவன் அம்மா தறியை நிறுத்திவிட்டு வந்து திரையைப் பார்த்தார். சிவப்புக் கட்டம் விழுந்த இடத்தில் விரல் வைத்து, “ஆமா, இங்க ஒண்ணு போயிருக்கு” என்றார். சில இடங்களில் கட்டம் தப்பாக விழுந்ததையும் அவரே காட்டினார். மகன் குறித்துக்கொண்டான்.

திரும்பி வந்தது

என்விடியா 2025 அக்டோபரோடு இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 வரை வரும். நரம்பு வலையமைப்புகளுக்கான அதன் புதிய மென்பொருள் கட்டமைப்பும் இந்தச் சில்லை ஏற்பதில்லை. பையனுக்கு வேறு கார்டு தேவைப்பட்டது. இதை விற்க மனமில்லாமல் என்னிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், படம் வரைவதில் அவ்வளவு ஆசை. முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டரைப் பழக அவளுக்கு ஒரு பழைய கணினி தயாராகிறது. அதில் இதைப் பொருத்தப் போகிறேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டுத் திருகுகளைக் கழற்றினேன். தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்தேன். விசிறிகளைத் தனியே எடுத்ததும் தகடுகளுக்கிடையே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இடுக்கியால் இழுக்கத் திரியாக நீண்டு வந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன். இப்போது அவருக்கு வயதாகிவிட்டது, பார்வை மங்கல். நான் நீட்டியதை வாங்கிக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டினார்.

“இது நம்ம மில்லுப் பஞ்சு இல்லப்பா. கஞ்சி கரகரங்குது பாரு. தறியில இருந்து வந்தது.”

சொல்லிவிட்டு அதைக் கீழே போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, ஊதுவதற்கு வசதியாக, விசிறி இறக்கையை விரலால் பிடித்தார்.